நடுங்கும் கையை மறைக்க வேண்டாம்

நரம்பியல் மருத்துவர் என்பதால், என் அறைக்குள் நுழையும் சிலரைப் பார்த்ததுமே பாதி தெரிந்துவிடும். ஒரு கையை மட்டும் வெளியே காட்ட மாட்டார்கள். அது சட்டைப் பையில் இருக்கும், அல்லது சேலைத் தலைப்புக்குள் இருக்கும். சென்ற ஆண்டு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வலக்கையின் மேல் துண்டை மடித்துப் போட்டிருந்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டதால், மகன் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார். தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். முதல் வரி முத்து முத்தாக இருந்தது. நான்காவது வரியில் எழுத்துகள் எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்துப் போயின. நடுக்கம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்பதை அன்றுதான், அருகில் இருந்த மனைவிக்கே சொன்னார்.

அவருக்கு வந்திருந்தது பார்க்கின்சன் என்னும் நரம்பு நோய். அதே நோயுடன் வாழ்ந்த குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பற்றி அவரிடம் பேசினேன். 1980இல் அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சி ஆட்டம் ஆடியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

அதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. 1977இல் எர்னி ஷேவர்ஸுடன் மோதிய பிறகு, இனி ஆட வேண்டாம் என்றார் அலியின் மருத்துவர் பெர்டி பச்சேகோ. யாரும் கேட்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். அதன் பிறகும் அலி நான்கு முறை களம் இறங்கினார். 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடி வாங்கியபின், பயிற்சியாளர் ஆஞ்சலோ டன்டீ ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. 1984இல், 42 வயதில், பார்க்கின்சன் உறுதியானது. தலையில் வாங்கிய அடிகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் எச்சரிக்கையைத் தள்ளிப்போட்ட அந்த ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது.

நான் மதிக்கும் அலி 1996இல் அட்லாண்டாவில் நின்றவர். ஒலிம்பிக் சுடரை ஏற்றப்போவது யார் என்பதைக் கடைசி நொடிவரை ரகசியமாக வைத்திருந்தார்கள். வெள்ளை உடையில் அலி வந்து நின்றார். கை நடுங்கியது. அதை உலகமே பார்த்தது. அவர் மறைக்கவில்லை.

நம் வீடுகளில் இதை 'வயசானா அப்படித்தான்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அது தவறு. மூளையில், உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வரும் நோய் இது. நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே மணம் தெரியாமல் போகலாம், மலச்சிக்கல் வரலாம், தூக்கத்தில் கத்திக் கை காலை உதறலாம். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் நிற்பதை மனைவியோ மகளோதான் முதலில் கவனிப்பார்கள்.

எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. கை மடியில் ஓய்ந்திருக்கும்போது நடுங்கினால் சந்தேகப்பட வேண்டும்; காபி டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்கினால் பெரும்பாலும் வேறு காரணம். தலைச்சுற்றலுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் சின்னாரிசின் போன்ற மாத்திரைகளும் இதே அறிகுறிகளைக் கொண்டுவரும். அதனால் பழைய மருந்துச் சீட்டுகளை அவசியம் எடுத்து வாருங்கள். நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் டோபமைன் குறைவை ஈடுசெய்யும் லெவோடோபா மாத்திரையும் உடற்பயிற்சியும் நல்ல ஆண்டுகளைத் தரும். மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன் போடுங்கள். பருப்பு, முட்டை, இறைச்சியின் புரதம் அதை உடலில் சேரவிடாமல் தடுக்கும். நீங்களாக நிறுத்தக் கூடாது. பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மைதான். அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி அளவில்லாமல் சாப்பிடுவது ஆபத்து.

மூன்று மாதம் கழித்து ஆசிரியர் மறுபடி வந்தார். கோடு போட்ட நோட்டில் தினமும் ஒரு பக்கம் பெரிய எழுத்தில் எழுதிப் பழகியிருந்தார். நோட்டை என்னிடம் நீட்டிய வலக்கை இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. துண்டு தோளில் கிடந்தது.