மூன்று அங்குலம் தூக்கினால் ஷாஃப்ட்டுக்கு என்ன ஆகும்?

அமெரிக்காவில் கையில் அதிகக் காசு இல்லாமல் காடுமேடு ஏறி இறங்க ஆசைப்படுகிறவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது பழைய ஜீப் செரோக்கியிடம்தான். 1984 முதல் 2001 வரை அங்கே விற்ற, எக்ஸ்ஜே என்று அழைக்கப்படும் பெட்டி போன்ற வண்டி அது. முன்னும் பின்னும் கெட்டி ஆக்சில், பின்னால் பட்டை ஸ்பிரிங், காயலான் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் உதிரிகள். முன்பக்கம் உயரமான சுருள் ஸ்பிரிங், பின்பக்கம் கூடுதலாக ஒரு பட்டை, பட்டையின் பின்முனையை உடம்போடு இணைக்கும் ஷாக்கிள் கொஞ்சம் நீளமாக என்று மாட்டினால் ஒரு சனி ஞாயிறில் வண்டி மூன்று அங்குலம் உயர்ந்துவிடும். திங்கட்கிழமை நெடுஞ்சாலையில் வேகம் ஏறும்போதுதான் இருக்கைக்கு அடியில் ஒரு முனகல் கிளம்பும். டயர் பாலன்ஸ்தான் சரியில்லை என்று நினைத்து அதற்கு ஒரு செலவு. அப்புறமும் முனகல் நிற்காது.

தூக்கியது உடம்பையும் எஞ்சினையும்தான். ஆக்சில் டயரோடு தரையில் அதே உயரத்தில் நிற்கிறது. எஞ்சினின் சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். மேலே இருக்கும் அதையும் கீழே இருக்கும் பின் ஆக்சிலையும் இணைக்கும் ஷாஃப்ட் இப்போது முன்பைவிடச் செங்குத்தாகச் சாய்ந்தாக வேண்டும். ஷாஃப்ட் 30 அங்குலம் என்றால் மூன்று அங்குல உயர்வு ஏறக்குறைய 6 டிகிரி சாய்வைக் கூட்டும். 20 அங்குலம்தான் என்றால் எட்டரை டிகிரி. செரோக்கியின் சக்கர இடைவெளி 101.4 அங்குலம், 1997 முதல் 2006 வரை வந்த வழக்கமான ஜீப் ராங்ளருக்கு 93.4 தான். அந்தக் குறைச்சல் பெரும்பாலும் பின் ஷாஃப்ட்டின் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் அதே மூன்று அங்குல உயர்வு ராங்ளர்காரரை இன்னும் படுத்துகிறது.

சாய்ந்தால் என்ன, அதற்குத்தானே ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கூட்டல் குறி வடிவக் கிராஸ் வைத்த ஜாயிண்ட் இருக்கிறது என்று கேட்கலாம். நம்மூர் லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் அதே கிராஸ்தான். ஆனால் அந்த ஜாயிண்ட்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. ஒரு வளையலை நேராகப் பார்த்தால் வட்டம்; சாய்த்துப் பார்த்தால் நீள்வட்டம். வளையலின் விளிம்பில் ஓர் எறும்பு ஒரே வேகத்தில் ஊர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்த்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஒரு சுற்றில் இரண்டு முறை விரைந்து திரும்புவதாகவும் இரண்டு முறை மந்தமாகத் திரும்புவதாகவும் தெரியும். சாய்ந்த ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸின் சுழற்சியை அப்படித்தான் ‘பார்க்கிறது’. உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே போவது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இந்த ஜாயிண்ட்டை ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் இன்றும் அதற்கு அவர் பெயர் உண்டு.

8 டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் மேலும் கீழும் ஒரு சதவீதம். 16 டிகிரியில் நான்கு சதவீதம். சாய்வு இரண்டு மடங்கானால் தொல்லை நான்கு மடங்கு, கவனியுங்கள். 31 அங்குல டயரும் 3.55 ஆக்சில் விகிதமும் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.55 சுற்று) உள்ள செரோக்கி மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும்போது ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 40 சுற்று, 80 உதறல். அந்த முனகல் இதுதான்.

இதற்கு மருந்தும் ஜாயிண்ட்டிலேயே இருக்கிறது. முதல் ஜாயிண்ட் கெடுத்ததை, அதே அளவு சாய்ந்த இரண்டாவது ஜாயிண்ட் நேர் எதிராகச் சரிசெய்துவிடும். நிபந்தனை இரண்டு. ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகள், அதாவது யோக்குகள், ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கழற்றும் முன் பெயிண்டால் ஒரு கோடு போடச் சொல்வது இதற்காகத்தான். டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளித்தண்டும், ஷாஃப்ட்டின் சுழற்சியை ஆக்சிலுக்குள் வாங்கும் தண்டான பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். நீள ஷாக்கிள் மாட்டியவர்கள் சறுக்குவது இந்த இரண்டாவதில். ஷாக்கிள் பட்டையின் பின்முனையைக் கீழே இறக்குவதால் ஆக்சில் லேசாகச் சுழன்று பினியனின் மூக்கு நிமிர்ந்துவிடும், இணை கெட்டுவிடும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சரிவான ஆப்பு வைத்துத் திருத்தலாம். அலுமினிய ஆப்பு மலிவு, ஆனால் நசுங்கி நொறுங்கக்கூடியது. எஃகையே வாங்குங்கள்.

இரண்டு முனையும் ஒத்துப்போனாலும் நடுவில் இருக்கும் ஷாஃப்ட் மட்டும் முந்திப் பிந்தித்தான் சுற்றுகிறது. அந்த எடை உதறுவதை எந்த இணையும் போக்காது. ஆகவே சாய்வையே குறைக்க வேண்டும். மிக மலிவான வழி, டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் உடம்புக்கும் நடுவே துண்டுக் குழாய்களை வைத்து அதை ஓர் அங்குலம் கீழே இறக்குவது. வேலை செய்யும், முனகலும் அடங்கும். ஆனால் பாறையில் வயிறு தட்டாமல் இருக்கத்தானே மூன்று அங்குலம் தூக்கினோம்? அதில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சாலையில் ஓட்டுகிறவருக்கு இது போதும். காட்டுக்குப் போகிறவர் இதைத் தற்காலிக ஒட்டாகவே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முறையான வழி டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையிலேயே கை வைப்பது. செரோக்கியில் பரவலாக இருக்கும் என்பி231 டிரான்ஸ்ஃபர் கேஸில் வெளித்தண்டு நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். ஷாஃப்ட்டின் யோக் அதன் மேல் முன்னும் பின்னும் வழுக்கும். ஷாஃப்ட் சாயச் சாய இரு முனைக்கும் நடுவே தூரம் கூடுவதால் யோக் வெளியே இழுபட்டு, தண்டின் பல்லும் யோக்கின் பல்லும் பிடித்திருக்கும் நீளமும் குறைந்துகொண்டே போகும். வழியில் ஷாஃப்ட்டைக் கழற்ற நேர்ந்தாலோ யோக் இருந்த ஓட்டை வழியாக எண்ணெய் கொட்டும். நீண்ட தண்டை எடுத்துவிட்டுக் குட்டையான தண்டும் நிலையான யோக்கும் பொருத்தினால் அந்த நீட்டல் மிச்சமாகிறது, ஷாஃப்ட் அத்தனை அங்குலம் நீளமாகிறது, சாய்வு தானாகக் குறைகிறது. இன்னும் சிக்கனம் வேண்டுவோர் பழைய தண்டையே அறுத்து, நுனியில் துளையிட்டு மரை வெட்டி, ஷாஃப்ட்டைப் பிடிக்கும் தட்டான ஒரு ஃபிளாஞ்சைப் போல்ட்டால் முறுக்கிவிடுகிறார்கள்.

இனி வழுக்கும் வேலையை ஷாஃப்ட்டே செய்ய வேண்டும். புதிதாகச் செய்யக் கொடுத்தால் கனமான பில் வரும். செரோக்கிக்காரர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி காயலான் கடையில் இருக்கிறது: இன்னொரு செரோக்கியின் முன் ஷாஃப்ட்டை வாங்கிப் பின்னால் மாட்டுவது. அதன் ஒரு முனையில் ஏற்கெனவே இரட்டை கிராஸ் (அடுத்தடுத்து இரண்டு கிராஸ் உள்ள ஜாயிண்ட்) உண்டு, நடுவில் வழுக்கும் பல்லும் உண்டு. நீளம் ஒத்துவருகிறதா என்று அளந்து பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இரட்டை கிராஸ் வந்ததும் பினியன் விதி தலைகீழாக மாறுகிறது. இரு கிராஸும் சாய்வைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டுத் தங்களுக்குள்ளேயே சரிக்கட்டிக்கொள்வதால், கீழ் முனையில் திருத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை. எனவே பினியன் நேராக ஷாஃப்ட்டையே நோக்கிக்கொண்டிருக்க வேண்டும்; இணையாக வைத்தால் புதிதாக உதறும். இங்கேதான் அந்த நீள ஷாக்கிளின் நிமிர்த்தல் திடீரென்று உதவியாகிவிடுகிறது. முழுக்க நேராகவும் வைக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு மேலே ஏறும். அதற்காக ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தியே விட வேண்டும்.

முன் ஆக்சிலில் இந்தச் சுதந்திரம் கிடையாது. பினியனை நிமிர்த்த ஆக்சிலைச் சுழற்றினால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் காஸ்டர் கோணம் குறைந்து, ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். ஷாஃப்ட்டா ஸ்டீயரிங்கா என்று வந்தால் ஸ்டீயரிங் பக்கம்தான் நிற்க வேண்டும்.

எதை மாட்டினாலும் ரோட்டுக்கு இறக்கும் முன் ஒரு சோதனை பாக்கி. உடம்பை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போதுதான் சாய்வு உச்சத்தில் இருக்கும். எங்காவது யோக்கும் யோக்கும் இடித்துச் சிக்கினால், பல் விரலளவுகூடப் பிடித்திராவிட்டால், ஸ்டாண்டிலிருந்து வண்டியை இறக்காதீர்கள்.