பெட்டியில் வருவது முழு சைக்கிள் அல்ல

என் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு ஒரு அப்பா தன் மகனோடு புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆன்லைனில் வாங்கி, வீட்டிலேயே பூட்டியது. "திருப்பும்போதெல்லாம் கால் முன்சக்கரத்துல இடிக்குதுன்னு சொல்றான். சைஸ் சின்னதா போச்சோ?" என்றார்.

சைஸ் சரியாகத்தான் இருந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, அதாவது ஃபோர்க்தான், முன்பின்னாகத் திரும்பியிருந்தது. முன்பக்கம் பார்க்க வேண்டிய பிரேக், ஃபிரேமை ஒட்டி உள்ளே நின்றது. ஃபோர்க் திரும்பினால் சக்கரம் பெடலை நோக்கி நெருங்கிவிடும், வண்டி திரும்பும் விதமும் மாறிவிடும். பத்து நாளாக அந்தப் பையன் அதில்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறான். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அட்டைப்பெட்டியில் வரும் சைக்கிளில் ஹேண்டில்பார், பெடல், சீட் எல்லாம் தனித்தனியாக இருக்கும். பெரும்பாலும் முன்சக்கரமும் கழற்றித்தான் வரும். ஹேண்டில்பாரை மாட்டும்போது ஃபோர்க் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. இந்தத் தவறு என்னிடம் அடிக்கடி வருகிறது.

அதைவிட அதிகமாக வருவது பெடல். இடது பெடலின் மரை தலைகீழ். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். இது தெரியாமல் ஸ்பேனரைப் போட்டு பலத்தைக் காட்டிவிடுகிறார்கள். பெடல் அச்சு இரும்பு; பெடல் பூட்டும் கையான கிராங்க் பல சைக்கிள்களில் அலுமினியம். எது தோற்கும்? மரை வழுக்கிய கிராங்கைக் கையில் எடுத்தால் அலுமினியத் துகள் உதிரும். அப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். பெடலில் எல், ஆர் என்று எழுத்து இருக்கும், பாருங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நாலைந்து சுற்றை விரலாலேயே சுற்றுங்கள். விரலுக்கு அடங்காவிட்டால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம்; கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

ஆன்லைனில் வாங்கவே வாங்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். விளக்கு, பம்ப், கையுறை, தண்ணீர் பாட்டில் ஸ்டாண்டு எல்லாம் எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். கடையில் இல்லாத உதிரிபாகம் அங்கே கிடைக்கும், நானே வாங்குகிறேன். அளவு தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 26 இஞ்ச் என்று போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மலைச்சைக்கிள் ரிம்முக்குக் குறுக்களவு 559 மில்லிமீட்டர், பழைய மாதிரி சைக்கிள் சிலவற்றுக்கு 590. ஒன்று மற்றதில் உட்காரவே உட்காராது. ஆனால் 700சி, 29 இஞ்ச் என்று வேறு வேறாகப் போட்டிருக்கும் டயர் இரண்டுக்கும் ரிம் அளவு ஒரே 622. பழைய டயரின் பக்கவாட்டில் 47-559 என்பதுபோல் சின்னதாக அச்சடித்திருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் அளவு. அதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: தலையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டினாலும் அது நகரக்கூடாது. பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், திரும்ப எழாது. வெளியே பார்த்தால் புதுசுபோலவே இருக்கும்.

எங்கள் தரப்பிலும் தவறு இருக்கிறது. ஆன்லைனில் வாங்கியதா, தொடமாட்டேன் என்று திருப்பி அனுப்பும் மெக்கானிக்குகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படி அனுப்பினால் பிரேக் சரியில்லாத வண்டி அப்படியே ரோட்டுக்குப் போகும். பூட்டித் தர என்ன கூலி என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் இருவருக்கும் மனஸ்தாபம் வராது. பெட்டியைப் பிரிக்காமலே கொண்டுவந்தாலும் சரி. புது சைக்கிளில் சில வாரம் ஓட்டியதும் ஸ்போக் தளரும், கேபிள் இழுபடும். அப்போது ஒருமுறை சக்கரத்தில் கோட்டம் எடுத்து, பிரேக்கும் கியரும் சரிபார்த்துவிட வேண்டும். எங்கே வாங்கிய வண்டியானாலும் இது பொருந்தும்.

அந்தப் பையனின் வண்டியில் ஃபோர்க்கைத் திருப்பி, ஹேண்டில்பார் போல்டுகளை, எவ்வளவு இறுகுகிறது என்று காட்டும் டார்க் ரெஞ்சால் அளவாக முறுக்கி, பிரேக் கட்டைகள் ரிம்மில் நேராகப் படும்படி வைத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடை வாசலில் எட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு சுற்று போனவன் நிறுத்தி, குனிந்து தன் காலைப் பார்த்தான். "இடிக்கலப்பா" என்றான்.