எச்.ஐ.வி. பரிசோதனை: எத்தனையாவது நாளில் எடுத்தீர்கள்?

"டாக்டர், நெகட்டிவ்னு வந்திருக்கு. நம்பலாமா?" ரிப்போர்ட்டோடு வருபவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். பாதுகாப்பில்லாத உடலுறவு போன்ற பயப்படும்படியான சம்பவம் நடந்து எத்தனையாவது நாளில் ரத்தம் கொடுத்தீர்கள் என்று நான் முதலில் கேட்பேன். அது தெரியாமல் அந்த ரிப்போர்ட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது.

கிருமி உடலுக்குள் நுழைந்த முதல் சில நாட்கள் எந்தப் பரிசோதனையிலும் சிக்காது. பிறகு ரத்தத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. என்ற மரபுப்பொருள் தெரியவரும், அடுத்து பி24 என்ற அதன் புரதம், கடைசியாக நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். பரிசோதனை இவற்றில் எதைத் தேடுகிறது என்பதைப் பொறுத்துக் காத்திருக்க வேண்டிய நாளும் மாறும். இதைத்தான் விண்டோ பீரியட் என்கிறோம்.

வைரஸையே தேடும் 'நாட்' பரிசோதனை பொதுவாக 10 முதல் 33 நாளில் காட்டும். கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை பி24, எதிர்ப்பொருள் இரண்டையும் பார்க்கும். 18 முதல் 45 நாள். விரலில் குத்திப் பார்க்கும் ரேபிட் டெஸ்ட், எச்சிலில் பார்க்கும் சுயபரிசோதனை இவற்றுக்கு 90 நாள் வரை ஆகலாம்.

ஆக, பத்தாம் நாள் நெகட்டிவை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அதேபோல், லேபில் செய்த நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாள் கழித்து நெகட்டிவ் என்றால், இடையில் வேறு சம்பவமும் இல்லையென்றால், அதோடு விட்டுவிடுங்கள். இதற்குப் பிறகும் லேப் லேபாக அலைபவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு எல்லாம் எத்தனையோ காரணத்தால் வரும். அவற்றை வைத்து எச்.ஐ.வி. இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது.

'ரியாக்டிவ்', அதாவது கிருமி இருக்கலாம் என்று வந்தாலும் அது முதல் கட்டம்தான். வேறு பரிசோதனைகளால் உறுதிசெய்த பிறகே பாசிட்டிவ் என்போம். உறுதியானால் சிகிச்சையை உடனே தொடங்கலாம். தவறாமல் மருந்து எடுத்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையிலேயே இருந்தால், உடலுறவு வழியாக அது துணைக்குப் பரவாது.

சம்பவம் நடந்து 72 மணி நேரம் ஆகவில்லையா? அப்படியானால் விண்டோ பீரியட் கணக்கெல்லாம் அப்புறம். இப்போதே மருத்துவமனைக்குப் போய் 'பெப்' மருந்து வேண்டுமா என்று கேளுங்கள். 28 நாள் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து அது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அதை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன நாள் கணக்கு அப்படியே பொருந்தாது. மறுபரிசோதனைத் தேதியை மருந்து தரும் டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.