சொல் விளக்கம்: உபாகமம்

விவிலியத்தின் ஐந்தாம் நூலைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பல தலைமுறைகளாக உபாகமம் என்றே சொல்லி வருகிறார்கள். 'உப' என்றால் துணையான, அடுத்து வருகிற. 'ஆகமம்' என்றால் வழிவழியாக வந்த மறைநூல். இரண்டும் வடசொற்கள். சைவ மரபிலும் 28 மூல ஆகமங்களை ஒட்டி எழுந்த நூல்களை உபாகமம் என்பதுண்டு. விவிலியத்தில் மோசேயின் இந்த நூலுக்கு அந்தப் பெயர் வந்த வழி வேறு.

எபிரேயத்தில் இந்நூலின் பெயர் 'தெவாரிம்', அதாவது வார்த்தைகள். "வார்த்தைகள் இவையே" என்று தொடங்குவதால் வந்த பெயர். கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் அது 'தெயுதெரொனோமியோன்' ஆயிற்று. 'தெயுதெரொஸ்' இரண்டாவது, 'நோமொஸ்' சட்டம். இந்தக் கிரேக்கச் சொல் 17ஆம் அதிகாரத்தின் 18ஆம் வசனத்தில் இருக்கிறது. எபிரேயத்தில் அங்கே இருப்பது 'மிஷ்னே தோரா', அதாவது சட்டத்தின் நகல். அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் 'இரண்டாம் சட்டம்' என்று படித்தார்கள். முன்சொன்ன கட்டளைகளை நூல் மறுபடியும் எடுத்துரைப்பதால் பெயர் பொருந்திப்போய் நிலைத்தும்விட்டது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற தமிழ் மொழிபெயர்ப்பு இதை 'இணைச்சட்டம்' என்கிறது. நல்ல தமிழ்ப்பெயர், படித்தவுடன் புரிகிறது, எழுதுவதற்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அதுவும் கிரேக்க வழியில் வந்த பொருள்தான். 'மிஷ்னே' என்ற எபிரேயச் சொல்லுக்கு நேர் நிற்பது 'படி'. ஓலைச்சுவடியைப் பார்த்துப் படியெடுத்தார்கள் என்கிறோமே, அந்தப் படி.

யாருக்கான படி என்பதுதான் முக்கியம். அரசனுக்கு! அரியணையில் அமர்ந்ததும் அவன் லேவியக் குருக்களிடம் உள்ள நூலைப் பார்த்துத் தனக்கென ஒரு படி எழுதிக்கொள்ள வேண்டும். உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும். காரணத்தையும் 20ஆம் வசனமே சொல்கிறது: அவன் இருதயம் தன் சகோதரர்களுக்கு மேலாக உயர்ந்துவிடக் கூடாது. குடிமக்களை அரசனின் 'சகோதரர்' என்று சொல்லும் சட்டம் இது. அவன் சட்டத்தைப் பிறப்பிக்கிறவன் அல்லன், அதற்குக் கீழ்ப்பட்டவன். குதிரைகளையும் மனைவியரையும் வெள்ளி பொன்னையும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது என்ற தடையும் அங்கேயே உண்டு.

சாலொமோன் அரசர் மூன்றையும் மீறினார். எகிப்திலிருந்து குதிரைகள், ஒரே ஆண்டில் 666 தாலந்து (பழைய எடையளவு) பொன், 700 மனைவியர். கோயிலையும் அரண்மனையையும் கட்ட மக்கள் சுமந்த பாரம் அவர் மகன் ரெகொபெயாம் காலத்தில் வெடித்தது. நுகத்தை இலகுவாக்கும்படி கேட்டவர்களிடம், "என் தகப்பன் சவுக்கால் அடித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன்" என்றான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின.

நாபோத்தின் வழக்கு இன்னும் கொடியது. ஆகாப் அரசன் கேட்ட திராட்சைத் தோட்டம் நாபோத்துக்கு முன்னோர் சொத்து, கொடுக்க மறுத்தான். ஆகாபின் மனைவி யேசபேல் அரசனின் முத்திரையிட்டு ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் அனுப்பினாள். கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று இரண்டு பேர் பொய்ச்சாட்சி சொன்னார்கள், நாபோத் கல்லெறிந்து கொல்லப்பட்டான். ஏன் இரண்டு பேர்? ஒரே சாட்சியின் வாக்கால் எவனையும் கொல்லக் கூடாது, இரண்டு மூன்று பேர் வேண்டும் என்பது அதே 17ஆம் அதிகாரத்தின் விதி. குற்றமற்றவனைக் காக்க எழுதிய விதியின் எழுத்தை மட்டும் நிறைவேற்றிக் குற்றமற்றவனைக் கொன்றார்கள். அநியாயமான ஆணைகளை எழுதுகிறவர்களுக்கு ஐயோ கேடு என்று இறைவாக்கினர் ஏசாயா பின்னாளில் முழங்கியதும், எழுத்தாலேயே எளியவரின் நியாயத்தைப் புரட்டுகிறவர்களை நோக்கித்தான்.

அரசன் ஒருவன் சட்டத்துக்கு முன் பணிந்த காட்சியும் உண்டு. யோசியாவின் 18ஆம் ஆட்சியாண்டில் (கி.மு. 622 வாக்கில்) எருசலேம் கோயிலில் ஒரு நியாயப்பிரமாண நூல், அதாவது சட்ட நூல், கிடைத்தது. வாசிக்கக் கேட்ட அரசன் உடையைக் கிழித்துக்கொண்டான். கிடைத்தது உபாகமத்தின் ஒரு வடிவம் என்பது 1805இல் ஜெர்மானிய அறிஞர் தெ வெத்தே முன்வைத்து, இன்றும் ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. பிறகு யோசியா சிறியோர் முதல் பெரியோர் வரை எல்லாரையும் கோயிலில் கூட்டி, அவர்கள் காதுபட நூல் முழுவதையும் வாசித்தான். அதன்படி நடப்பேன் என்று முதலில் உடன்படிக்கை செய்தவனும் அவனே.