விலையைத் தேடும் முன் ஆர்ட்டிகிள் நம்பரைத் தேடுங்கள்

சேலத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஜெர்சியில் பெயரும் நம்பரும் அடித்துக் கொடுப்பதும் எங்கள் வேலை. அதனால் எங்களிடம் வாங்காமல் ஆன்லைனில் வாங்கிய சட்டைகளும் கடைசியில் எங்கள் மேசைக்குத்தான் வந்து சேருகின்றன. "அண்ணா, பாதி விலைக்கு வாங்கிட்டேன், ஒரிஜினல் தானுங்களே?" என்று கேட்டுக்கொண்டே பையைப் பிரிப்பார்கள். பணம் கட்டியபின் கேட்கிற கேள்வி அது. கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதை எழுதி வைக்கலாமே என்றுதான் இது.

ஒரே கால்பந்து கிளப்பின் ஒரே சீசன் சட்டை ஒரு தளத்தில் 3,000 ரூபாய், இன்னொன்றில் 7,000 ரூபாய் என்று இருந்தால் முதல் தளம் மலிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அநேகமாக இரண்டும் வேறு வேறு சட்டை. கம்பெனிகள் ஒவ்வொரு டிசைனையும் இரண்டு விதமாக விற்கின்றன. களத்தில் ஆட்டக்காரர்கள் போடுவது பிளேயர் வெர்ஷன். கேலரியில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஃபேன் வெர்ஷன். இரண்டுமே ஒரிஜினல்தான். நைக்கி சட்டையில் 'டிரை ஃபிட் ஏடிவி' என்றிருந்தால் பிளேயர், வெறும் 'டிரை ஃபிட்' என்றால் ஃபேன். பிளேயர் வெர்ஷனில் கிளப் சின்னம் எடை குறைவாக இருப்பதற்காகச் சூட்டில் ஒட்டப்பட்டிருக்கும். ஃபேன் வெர்ஷனில் பெரும்பாலும் தையல் சின்னம். என் கருத்தைக் கேட்டால், வாரம் ஒருநாள் காந்தி ஸ்டேடியத்தில் ஓடிவிட்டு மற்ற நாளெல்லாம் டீக்கடையில் நிற்பவருக்கு ஃபேன் வெர்ஷனே தாராளம். பிளேயர் வெர்ஷன் உடம்பைப் பிடிக்கிற வெட்டு. லேசாகத் தொப்பை இருந்தாலும் ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, எந்த வெர்ஷன் என்று முடிவாகிவிட்டது. அடுத்து ஆர்ட்டிகிள் நம்பர், அதாவது ஒவ்வொரு மாடலுக்கும் கம்பெனி கொடுக்கும் அடையாள எண். கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்தச் சட்டையைத் திறந்து விவரங்களுக்குள் போனால் இந்த நம்பர் இருக்கும். அடிடாஸில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம். நைக்கியில் ஆறு இடம், ஒரு கோடு, அப்புறம் நிறத்துக்கு மூன்று எண். பூமாவில் ஆறு எண், ஒரு கோடு, இரண்டு எண். கிளப் பெயரையும் ஜெர்சி என்ற சொல்லையும் போட்டுத் தேடினால் அசல், நகல், போன வருடத்துச் சரக்கு எல்லாம் ஒன்றாக வந்து குவியும். இந்த நம்பரைப் போட்டுத் தேடினால் அந்த ஒரே சட்டையை யார் யார் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது வரும். உண்மையான விலை ஒப்பீடு அங்கேதான் தொடங்குகிறது. விற்பவரிடம் நம்பர் கேட்டு, "அதெல்லாம் எதுக்கு தம்பி, குவாலிட்டி பாருங்க" என்று பதில் வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பார்சல் வந்ததும் இதே நம்பர்தான் சாட்சி. சட்டையை உள்பக்கம் திருப்பி, இடுப்புப் பக்கத் தையலில் தொங்கும் துவைக்கும் குறிப்பு லேபிளைப் பாருங்கள். அதன் அடியிலோ பக்கத்திலோ சின்னதாக இன்னொரு லேபிள் இருக்கும். ஆர்ட்டிகிள் நம்பர் அதில் அச்சாகியிருக்கும். நகல் அடிப்பவர்களும் ஏதோ ஒரு நம்பரைப் போடத்தான் செய்கிறார்கள். ஆனால் சட்டைக்குச் சட்டை மாற்ற அவர்களுக்குப் பொறுமை கிடையாது. சிவப்புச் சட்டை ஒன்றின் நம்பரைத் தேடிப் பார்த்தபோது வேறொரு கிளப்பின் பயிற்சிக் கால்சட்டை வந்து நின்றது. கொண்டுவந்த பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு அடையாளம் விலை ஸ்டிக்கர். 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி, இந்தியாவில் விற்கும் வெளிநாட்டுச் சட்டையின் பையிலோ அட்டையிலோ இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும். 'தாய்லாந்து குவாலிட்டி', 'மாஸ்டர் காப்பி', 'ஃபர்ஸ்ட் காப்பி' எல்லாம் நகலுக்கு வைத்த செல்லப் பெயர்கள். அவற்றில் இந்த ஸ்டிக்கர் இருக்காது. 'திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்பிளஸ்' என்று சொல்லி விற்கிறார்களே என்பார்கள். திருப்பூரின் பெரும்பலம் பருத்திப் பின்னலாடை. இந்த ஜெர்சிகளோ பாலியஸ்டர். என் மேசைக்கு வந்த அசல் சட்டைகளின் லேபிளில் தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா என்றுதான் அதிகம் பார்த்திருக்கிறேன். நமக்குப் பக்கத்து ஊர் என்பதால் அந்தப் பேச்சு எளிதாக எடுபடுகிறது, அவ்வளவுதான்.

சில சமயம் அசலைப் போலி என்று சண்டை போடுவதும் உண்டு. அர்ஜென்டினாவின் 2022 சட்டையில் இரண்டு நட்சத்திரம்தான் இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் வந்தார். 1978, 1986 வெற்றிகளுக்கான இரண்டு நட்சத்திரத்தோடுதான் அந்த அணி உலகக் கோப்பைக்கே போனது. மூன்றாவது, 2022 டிசம்பர் 18 இறுதி ஆட்டத்துக்குப் பிறகு சேர்ந்தது. அவர் கையில் இருந்தது முன்னால் வந்த சரக்கு.

விலை எப்போது இறங்கும்? ஐரோப்பிய சீசன் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். புதுச் சட்டை கோடையில் வெளியாகும்போது முழு விலை. சீசன் பாதி தாண்டியதும் தள்ளுபடி எட்டிப் பார்க்கும். அடுத்த சட்டை வந்துவிட்டால் பழையதைத் தள்ளிவிடவே பார்ப்பார்கள். கிளப் தன் சட்டைக் கம்பெனியை மாற்றும் வருடம் இன்னும் நல்லது. லிவர்பூல் 2025 ஆகஸ்டில் நைக்கியிலிருந்து அடிடாஸுக்குப் போனது. இப்படி மாறினால் பழைய கம்பெனி அந்தச் சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? நம் ஊரில் ஆண்டு நடுவில் வரும் சீசன் முடிவுத் தள்ளுபடியையும் தீபாவளிக்கு முந்தைய பெரிய விற்பனையையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடிக்குள் ஒரு வரிக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உடுப்பின் விலை 2,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீத ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரி சேர்க்காத விலை 2,600 என்றால் கையில் 3,068 ஆகிறது. அதுவே 2,400 என்றால் 2,520தான். கடைக்காரர் இறக்கியது 200, உங்களுக்கு மிச்சம் 548. அதனால் மூவாயிரத்தை ஒட்டி நிற்கும் சட்டைக்குக் கொஞ்சம் காத்திருக்கலாம்.

இங்கிலாந்துக் கடைகளில் நேரடியாக வாங்கலாமா என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் தபால் செலவு, சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர்காரர் போடும் கட்டணம் எல்லாம் வாசலில் வந்து நிற்கும். அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பும் செலவுக்கு இங்கே ஒரு சட்டையே வந்துவிடலாம். இங்கே கிடைக்காத பழைய சீசன் சட்டைக்கு மட்டும் அந்த வழி.

ஒல்லியான உடம்புக்காரர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சிறுவர் பிரிவில் 15, 16 வயதுக்கான பெரிய அளவைப் பாருங்கள். அடிடாஸில் 176 என்று போட்டிருக்கும். பெரியவர் சட்டையைவிட விலை குறைவு. வீட்டில் சரியாகப் பொருந்தும் டீ-ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் வைத்து அளந்து, தளத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பெயர் அடிப்பதில்தான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். ஆட்டக்காரர் கிளப் மாறும் காலம் ஐரோப்பாவில் பெரும்பாலும் செப்டம்பர் தொடக்கம் வரை இருக்கிறது, மறுபடி ஜனவரியில் திறக்கிறது. ஜூலையில் பெயர் அடித்து வாங்கி ஆகஸ்டில் அவர் வேறு கிளப்புக்குப் போய்விட்டால், பெயர் அடித்த சட்டையைப் பெரும்பாலான தளங்கள் திருப்பி எடுக்காது. பிரிண்டிங் என் பிழைப்பு, இருந்தாலும் சொல்கிறேன், அவசரப்பட வேண்டாம். நகல் சட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சப்ளிமேஷன் என்ற சூட்டு முறையில் சாயம் ஏற்றிய சிவப்புத் துணி மேல் வெள்ளை நம்பரை வைத்து, அதை ஒட்டும் ஹீட் பிரஸ்ஸை இறக்கினால், சூட்டில் சாயம் மேலே ஏறிவிடும். இரண்டொரு நாளில் வெள்ளை நம்பர் இளஞ்சிவப்பாகி நிற்கும். அதற்கு எங்களைத் திட்டிப் பயனில்லை.

பொய்யாகப் போடும் '2 பீஸ்தான் பாக்கி', ஓடும் கடிகாரம், கேட்காமலே கூடையில் சேரும் சாக்ஸ், இதையெல்லாம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஏமாற்று உத்திகள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. 7,999ஐக் கோடு போட்டு அடித்துவிட்டு 799 என்று எழுதும் தளத்தில் விற்பவர் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் இருக்கிறதா பாருங்கள். 2020 மின்வணிக விதிகள் கட்டாயப்படுத்துபவை அவை. பெரிய சந்தைத் தளங்களிலும் 'விற்பவர்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தளம் பெரியது என்பதற்காக விற்பவரும் பெரியவராகிவிட மாட்டார்.

ஏற்காட்டிலிருந்து ஆர்டர் செய்பவர்கள் 636601 என்று பின்கோடு போட்டு, டெலிவரி மட்டுமல்ல, ரிட்டர்ன் எடுக்க ஆள் வருவார்களா என்பதையும் முதலிலேயே பாருங்கள். மலைக்கு ஏற மறுக்கும் கூரியர்கள் உண்டு. சேலத்துச் சொந்தக்காரர் முகவரி கொடுத்தால் ஓடிபி மட்டும் மலை மேல் போகும், பார்சல் திரும்பிப் போகும். வாங்கிக்கொள்பவரின் போன் நம்பரையே கொடுத்துவிடுங்கள்.

பார்சலைப் பிரிப்பதை லேபிள் தெரிய வீடியோ எடுங்கள். தவறான சரக்கு வந்தால் முதலில் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் போவதானால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே, நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. சட்டையே வராமல் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் அடியுங்கள். ரீஃபண்ட் போடுகிறோம், யூபிஐ பின் நம்பரைத் தட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். பணம் வந்து சேரப் பின் நம்பர் தேவையே இல்லை.