பகடை ஓர்க் பக்கம் சாய்வது ஏன்?

“என்ன லா இது, மறுபடியும் ஒன்னா!” பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர் வீட்டில் ஞாயிறு மதியம் பிளட் பௌல் ஆட உட்கார்ந்தால், எல்ஃப் அணி வைத்திருப்பவர் இப்படிப் புலம்பாத ஆட்டமே கிடையாது. எதிரே ஓர்க் அணியோடு இருக்கும் அண்ணன் சிரிப்பதோடு சரி. இத்தனைக்கும் இருவரும் உருட்டுவது அதே பகடைகளைத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட மேசை விளையாட்டு இது. காற்பந்து என்பார்கள், ஆனால் அமெரிக்கர்கள் ஆடும் முட்டி மோதும் வகை. ஆடும் வீரர்கள் எல்ஃப், ஓர்க் போன்ற கற்பனைக் கதை இனங்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் நுழைய வேண்டும். மைதானத்தில் 26-க்கு 15 கட்டங்கள், அணிக்கு 11 பேர், பாதிக்கு எட்டுச் சுற்று. ஆட்டத்தின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது. உங்கள் சுற்றில் எல்லா வீரர்களையும் நகர்த்தலாம். ஆனால் ஒருவன் சறுக்கி விழுந்தால் சுற்று அங்கேயே முடிந்தது. பந்தைக் கோட்டைவிட்டாலும் அப்படித்தான். மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். இதற்கு டர்ன்ஓவர் என்று பெயர்.

எல்ஃப் சுறுசுறுப்பானவன். 2020 பதிப்பின்படி, எதிரியிடமிருந்து காலி இடத்துக்கு நழுவ அவனுக்குப் பகடையில் இரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் போதும். ஆறில் ஐந்து வாய்ப்பு, அதாவது 83 விழுக்காடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடர்ந்து நடக்க வேண்டிய காரியங்களின் வாய்ப்புகளைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். நான்கு தடவை நழுவினால் நான்கும் பலிக்க வாய்ப்பு 48 விழுக்காடுதான். 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சூதாடிகளுக்கு இந்த எண் நன்றாகத் தெரியும். நான்கு உருட்டலில் குறைந்தது ஒருமுறை ஆறு விழும் என்று அவர்கள் பந்தயம் கட்டியது, மிச்சமுள்ள 52 விழுக்காட்டை நம்பித்தான். கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654-இல் கடிதங்களில் அலசியதும் இப்படிப்பட்ட சூதாட்டக் கணக்குகளைத்தான். நிகழ்தகவுக் கணிதம் அங்கேதான் வேர்விட்டது.

எல்ஃப் ஆட்டக்காரர் நான்கோடு நிற்பதில்லை. பந்தை எடுக்க ஒன்று, நழுவ இரண்டு, எறிய ஒன்று, பிடிக்க ஒன்று என்று ஐந்து உருட்டல். ஐந்துக்கும் அதே இரண்டு போதும் என்றால், ஐந்தும் பலிக்க 40 விழுக்காடு. தவறிய ஒன்றை மறுபடி உருட்டும் சலுகை, அதாவது ரீரோல், ஒன்று கையில் இருந்தால் அதே 40 சட்டென்று 74 ஆகிவிடும். அதனால்தான் எல்ஃப் அணிக்கு ரீரோல் தங்கம். முதல் நழுவலிலேயே அதைச் செலவழித்துவிட்டு அப்புறம் பகடையைத் திட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம் வருவதில்லை.

ஓர்க் கணக்கு வேறு. பிளாக் என்ற முட்டும் திறனுள்ள ஓர்க், பக்கத்தில் கூட்டாளி துணை நிற்க, சாதாரண எல்ஃப்பை முட்டினால், முட்டலுக்கென்றே உள்ள பகடை இரண்டை உருட்டிப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆறு முகங்களில் மூன்று எல்ஃப்பை வீழ்த்தும், இரண்டு வெறுமனே தள்ளும், ஒன்று மட்டும் முட்டியவனையே கவிழ்க்கும். இரண்டு பகடையிலும் அந்த ஒன்றே விழ வாய்ப்பு 36-இல் 1. எல்ஃப் விழுவதோ 75 விழுக்காடு.

விழுந்தவனின் கவசத்தை உடைக்க இரண்டு சாதாரணப் பகடைகளின் கூட்டல் பார்ப்பார்கள். பல எல்ஃப்களுக்கு எட்டு போதும், ஓர்க்குக்குப் பத்து வேண்டும். இரண்டே எண் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் கூட்டலில் நடு எண்கள் அடிக்கடி வரும், ஓர எண்கள் அரிது: எட்டோ மேலோ வர 36-இல் 15 வழி, பத்தோ மேலோ வர ஆறே வழி. கவசம் உடைந்தபின் காயத்துக்கான உருட்டலிலும் எட்டோ மேலோ வந்தால் ஆள் மைதானத்துக்கு வெளியே. ஆக, விழும் எல்ஃப் வெளியேற வாய்ப்பு 17 விழுக்காடு, ஓர்க்குக்கு ஏழு.

சுற்றுக்கு இப்படி மூன்று முட்டல் என்று வைத்தால் ஒரு பாதியில் 24. சராசரியாக மூன்று எல்ஃப்கள் காலி, மயங்கியவர்களில் சிலர் பிறகு திரும்பினாலும். முட்டல் கூடக்கூட முடிவு சராசரியை நெருங்கும். ஓர்க் அணிக்கு அதிர்ஷ்டமே தேவையில்லை, நேரம் இருந்தால் போதும். எல்ஃப்போ முழு ஆட்டத்தையும் ஒரே நீண்ட சங்கிலியில் தொங்கவிடுகிறான்.

அதனால் எல்ஃப் அணிக்கு வரிசைதான் முக்கியம். உருட்டல் தேவையில்லாத நகர்வுகளை முதலில் முடித்துவிட்டு, ஆபத்தானதைக் கடைசியில் வைக்க வேண்டும். விதிவிலக்கு பாதியின் கடைசிச் சுற்று. அதற்கப்புறம் இழக்க எதுவுமில்லாததால், அங்கே டர்ன்ஓவருக்குப் பயப்பட வேண்டாம். 40 விழுக்காட்டுச் சங்கிலியைத் தைரியமாக உருட்டலாம்.