ரிங் போச்சு என்று முடிவு கட்டும் முன்: கார்பரேட்டர் இன்ஜினில் பேக் கம்ப்ரஷன்

பழைய மாருதி 800 ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வரும். பக்கத்தில் நிற்பவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பேக் கம்ப்ரஷன் அடிக்குது. ரிங் போச்சு, போர் பண்ணணும்." எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே நழுவுவதுதான் பேக் கம்ப்ரஷன்; பிஸ்டனைச் சுற்றியிருந்து அதைத் தடுப்பது ரிங்; தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது போர் பண்ணுவது. புகை என்ற ஒரே அடையாளத்தை நம்பி இன்ஜினைப் பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. வாயு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது ஒரு கேள்வி. இறங்கிய வாயு வெளியேற வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மூடியில் தெரியும் புகை இரண்டுக்கும் பொதுவானது.

பிஸ்டன் ரிங் முழு வளையம் அல்ல. சூட்டில் விரிவதற்காக ஓரிடத்தில் வெட்டு விட்டிருப்பார்கள். 68.5 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) கொண்ட இந்த இன்ஜினில் அந்த இடைவெளி ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். பெட்ரோல் எரியும் கணத்தில் உள்ளழுத்தம் வெளிக்காற்றைப் போல முப்பது, நாற்பது மடங்கு ஏறுகிறது. அதனால் புத்தம் புது இன்ஜினிலும் கொஞ்சம் வாயு, பிஸ்டனுக்குக் கீழே ஆயில் இருக்கும் அறையான கிராங்க் கேஸுக்குள் நழுவத்தான் செய்யும். முன்பெல்லாம் அதை ஒரு குழாய் வழியே சாலையிலேயே விட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டம் பெரும் பிரச்சினையான பிறகு, 1961 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியாவில் அந்த வாயுவை இன்ஜினே திரும்ப இழுத்து எரிக்கும் ஏற்பாடு வந்தது. அதன் நடுவில் இருப்பதுதான், கிராங்க் கேஸ் வாயு வெளியேறும் வழியைக் கட்டுப்படுத்தும் பி.சி.வி. வால்வ்.

ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐட்லிங்கில், கலவை சிலிண்டருக்குப் போகும் மேனிஃபோல்ட் குழாயில் வெற்றிடம் அதிகம். அது வால்வை இழுத்து ஏறக்குறைய மூடி வைக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வால்வ் திறக்கும். முழுதாக மிதித்தால் வெற்றிடமே இராது. அப்போது வாயு மறுபக்க ஓஸ் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். வால்வோ ஓஸோ கசடு அடைத்துப் போனால், ரிங் நன்றாக இருந்தாலும் அழுத்தம் தேங்கும். ஃபில்டர் ஆயிலில் நனையும், கிராங்க் சீல் கசியும், ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும். வால்வ் திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஐட்லிங் தடுமாறும். காரணம் புரியாமல் கார்பரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்குருவைத் திருகிக்கொண்டே இருப்போம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. ஐட்லிங்கில் ஆயில் மூடியை எடுத்துவிட்டு வாய்மேல் ஒரு தாளை வையுங்கள். பி.சி.வி. உள்ள வண்டியில் தாள் மெல்ல உள்ளிழுக்கப்பட வேண்டும். எம்பினால் முதலில் ஓஸ்களைக் கழற்றிக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்து டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, கார்பரேட்டருக்குள் வரும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வ் சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். வழியும் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ரிங் உலர்ந்து உரசும், பேக் கம்ப்ரஷன் கூடும். அந்த வாயுவோடு வரும் ஆயில் ஆவி ஏர் ஃபில்டர் வழியாக கார்பரேட்டருக்கே வந்து, காற்று புகும் சிறு துளைகளான ஏர் ஜெட்டுகளில் படியும்; கலவையில் பெட்ரோல் இன்னும் கூடும். ஒன்று மற்றதை வளர்க்கும் இந்தச் சுற்றை அறுக்காமல் ரிங் மட்டும் மாற்றினால், புது ரிங்கும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

இதற்குப் பிறகுதான் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பிளக் மூன்றையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளப்பது வழக்கம்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் சிலிண்டரின் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு). சின்ன இன்ஜினில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 796 சி.சி.யை மூன்றால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 265 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் அடியில் இருக்கும்போதுள்ள இடம், உச்சியில் மிஞ்சும் இடத்தைப் போல எத்தனை மடங்கு) 8.7 என்றால் பிஸ்டன் உச்சியில் மிஞ்சும் இடம் வெறும் 34 மி.லி. சொச்சம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. ஆயில், அதில் ஏழில் ஒரு பங்கை அடைத்துவிடும். விகிதம் 10-ஐத் தொடும். நல்ல ரிங் உள்ள சிலிண்டரிலும் கேஜ் முள் ஏறும்! ஆகவே ஆயிலை அரை டீஸ்பூனுக்கும் குறைவாக விடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு விட்டு, எது மற்றவற்றைவிட அதிகம் ஏறுகிறது என்று பாருங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் காற்றடித்துக் கேட்கலாம். இரண்டு வால்வும் மூடிய நிலையில் பிஸ்டனைச் சரியாக உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்த வேண்டும். கொஞ்சம் தள்ளியிருந்தாலும் இன்ஜின் சுழன்றுவிடும். பெல்ட் பக்கம் கை வேண்டாம். சீறல் கார்பரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வ், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடி வாயில் பலமாகக் கேட்டால் மட்டுமே ரிங் அல்லது போர்.

அப்போதும் தேய்மானம் என்று உறுதியில்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். பிளக் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவம் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மிச்சத்தை வெளியேற்றி, ஆயில் மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண்கள் ஏறியிருந்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. ஏறவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, போரின் மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் டயல் கேஜில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.